பாவாவின் காருக்கு ரப்பிங் காம்பவுண்ட் போட்டேன்

என் அன்புக்குரிய பாவா,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் சிவப்புக் கார், கடைசியாக நிறுத்திய இடத்திலேயே வாசலில் நிற்கிறது. வெயிலில் நிறம் செத்து, மேலெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. என் அக்கா, உங்கள் வீட்டுக்காரி, அதைப் பார்க்க முடியாமல் கொல்லைப்புற வழியாகவே போய் வருகிறாள். குழாயடிக்குக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவாள்.

அவளுக்குத் துணையாக நானும் இங்கேதான் இருக்கிறேன். போன ஞாயிறு அம்மையார்குப்பத்தில் தறிக்கு லீவு. அரக்கோணம் ரோட்டுக் கடையில் ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்ட் வாங்கினேன். கார் பளபளத்தால் அக்காவின் மனசு கொஞ்சம் தேறும் என்று நினைத்தேன். எதை வைத்து அப்படி நினைத்தேனோ, தெரியவில்லை.

"பழைய வண்டியாங்க?" என்று கேட்டார் கடைக்காரர். "பாத்துத் தேய்ங்க. இது புதுசா பெயின்ட் எதுவும் வைக்காது. மேல செத்துக் கெடக்கறத சுரண்டி எடுக்கும், அவ்ளோதான்."

காரைக் கழுவினேன். தறியில் மிஞ்சிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, காம்பவுண்டைத் தொட்டுத் தொட்டு, சாண் சாணாகத் தேய்த்தேன். துணியெல்லாம் சிவப்பானது. துடைத்ததும், பாவா, உள்ளே இருந்த நிறம் எழுந்து வந்தது! பானெட்டில் என் முகம் தெரிந்தது. மதியத்துக்குள் டிரைவர் பக்கக் கதவும் முடிந்தது. அங்கேதான் தோள் வலிக்க வலிக்கத் தேய்த்தேன்.

"அக்கா, வந்து பாரேன்!"

வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாக வந்தாள். பானெட்டைத் தொட்டுப் பார்த்தாள். "வாங்கிகினு வந்த அன்னிக்கு இப்டித்தான்டா இருந்துச்சு" என்று லேசாகச் சிரித்தாள். பிறகு கதவுப் பக்கம் போய்க் குனிந்து, ஜன்னலுக்குக் கீழே கையால் தடவித் தேடினாள்.

"இங்க இருந்த கீறல் எங்கடா?"

"தேச்சு எடுத்துட்டேன்க்கா."

"அது அவரு மோதிரம் பட்ட கீறல்டா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருத்தணி ஸ்டேஷன் வாசலில் வலக்கையை வெளியே போட்டு, கதவைத் தட்டித் தட்டி, "மலைக்கு வரீங்களாங்க? கொண்டக்கு ஒஸ்தாராண்டி?" என்று தமிழிலும் தெலுங்கிலும் சவாரிக்கு ஆள் கூப்பிடுவீர்களே. வருடக்கணக்காக நீங்கள் தட்டியதை நான் அரைமணியில் அழித்துவிட்டேன். அக்கா திட்டவில்லை. "எதுக்குடா தொட்ட?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம் இல்லையா?

மறுநாள் காலை, கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன், பாவா. டிரைவர் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உங்கள் மோதிரம் அவள் கட்டைவிரலில். கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். இறங்கிப் பார்ப்பாள். மறுபடி ஏறித் தட்டுவாள். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அவரு தட்ன மாதிரி விழமாட்டேங்குதுடா" என்றாள்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அன்றிலிருந்து தினமும் தட்டுகிறாள். புதுக் கீறல்கள் கோணல்மாணலாக விழுகின்றன. எதுவும் உங்களுடையது இல்லை.

காரின் மிச்சப் பக்கங்களை இனி நான் தொடமாட்டேன். வெளுத்தபடியே நிற்கட்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொல்லவும் மாட்டேன். அவள் நம்பமாட்டாள், நானும் நம்பவில்லை. அவள் தட்டும்போதெல்லாம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். அதை மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
உங்கள் மச்சான்,
தணிகைவேல்