மந்திரித்த படகின் பின்பலகை

மார்ச் 14, சனிக்கிழமை, இரவு 11.40. இதோடு பார்த்த படகுகள் மூன்று.

முதல் இரண்டையும் நான் வேண்டாம் என்றபோது அண்ணன் பேசாமல் கேட்டுக்கொண்டார். இந்த மூன்றாவதற்கு, நான் பிறை ஊர் ஃபேக்டரியில் வேலை முடித்து பாலிக் புலாவ் படகுத்துறைக்குப் போய்ச் சேரும் முன்பே எங்கள் சர்ச் ஃபாதரை அழைத்துவந்து மந்திரிக்க வைத்துவிட்டார். இன்னும் வாங்காத படகுக்குத் தீர்த்தமும் மல்லிகைச் சரமும்!

எஞ்சின் மாட்டும் பின்பலகையில் மட்டும் பெயின்ட் புதிது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் டக் டக்கென்றது. அங்கே ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் இருந்தது. எஞ்சினைப் பிடித்து உலுக்கினால் பலகையும் கூடவே ஆடுகிறது. ஃபைபர் உறைக்குள் இருக்கும் மரம் ஊறிப்போய்விட்டது. கடலில் வேகமெடுத்தால் எஞ்சினோடு பிய்த்துக்கொண்டு போகும்.

“அண்ணே, இது வேணாம்.”

“ஃபாதரே ஜெபம் பண்ணிட்டாரு லா. இப்ப வேணாம்னா கோயில்ல எப்படிடா மூஞ்சக் காட்டுறது?”

“ஃபாதர் ஜெபந்தான் பண்ணாரு. தட்டிப் பார்க்கல.”

“நீ போய் ஃபேக்டரில மெஷினப் பாரு. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நான் தனியாவே ஓட்டிப் பாக்குறேன்.”

அண்ணனுக்கு நீந்தத் தெரியாது. படகை விற்க வந்து நின்றவர் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே:

1. பூசைக்கு முன்பே ஃபாதரிடம் நானே பேசுவது. அவர் சொன்னால் அண்ணன் கேட்பார்.

2. அண்ணனின் கையை அந்தப் பலகையில் வைத்து, நான் எஞ்சினை உலுக்குவது.

3. அதற்கும் மசியவில்லை என்றால் வாயைத் திறக்காமல் இருப்பது. எஞ்சின் சுவிட்சிலிருந்து இன்று நான் கழற்றிவந்த சிவப்புக் கிளிப் என் சட்டைப்பையில் இருக்கிறது. அது இல்லாமல் எஞ்சின் கிளம்பாது.