உம்மாவுக்கு வந்த எழுத்து அட்டைகள்

மாம்புரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் றிப்னாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கோணல் எழுத்தைப் பார்த்துக் கோபிக்காதே, ஒரு வரி எழுதி முடிக்க ஒரு தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் இது வாப்பாவின் சொந்தக் கை. அல்ஹம்துலில்லாஹ், நான் சுகம், கட்டாரில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

எழுபத்து மூன்று வயதில் எப்படி எழுதப் படித்தேன் என்று கேட்பாய். பாரிசவாதம் வந்து உம்மாவின் பேச்சு நின்ற பிறகு, பயிற்சி கொடுக்க றைஸா என்ற பிள்ளை கிழமைக்கு இரண்டு நாள் எழுத்து அட்டைகளோடு வருகிறாள். அட்டையைக் காட்டிச் சொல்லித் தந்து திரும்பக் கேட்டால் உம்மா முழித்துக்கொண்டு இருப்பா, பக்கத்துக் கதிரையில் இருந்து நான் முந்திச் சொல்லிவிடுவேன். மாமா, பாடம் மாமிக்கு, உங்களுக்கு இல்லை என்று றைஸா ஏசுவாள். உம்மாவுக்கு ஓர் எழுத்தும் பிடிபடவில்லை, எனக்கு எல்லாம் பிடிபட்டது. சந்தோஷம் தாங்காமல் பாண் சுற்றிய பேப்பர், உப்புப் பைக்கற், கடைப் பலகை எல்லாம் வாசித்தேன். வேறொன்றும் மிஞ்சாமல் அலுமாரியில் இருந்த உம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்தேன். அதற்குள் தமிழில் அச்சடித்த ஒரு கடதாசி மடித்து இருந்தது.

போன வருஷம் நீ லீவில் வந்து உம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போன நாளின் கடதாசி. நெஞ்சு தாளம் தப்பி அடிப்பதால் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரலாம், அதற்குத் தந்த குளிசை வயிற்றில் இரத்தம் கசிய வைத்ததால் நிறுத்தியாகிவிட்டது, ஆகவே தொடை இரத்தக் குழாய் வழியாகச் சின்னக் கருவி ஒன்றை அனுப்பி, இதயத்தில் கட்டி உண்டாகும் பையின் வாயை மூடலாம் என்று அதில் இருக்கிறது. கீழே, விளங்கிக்கொண்டோம், வேண்டாம் என்கிறோம். அதன் கீழே உம்மாவின் விரல் அடையாளம், பக்கத்தில் என்னுடையது, சாட்சிக்கு உன் அழகான கையெழுத்து. டொக்டர் உன்னோடுதான் இங்கிலீசில் கதைத்தார். நீ எங்களிடம் சொன்னது, அடுத்த கிளினிக் திகதிக்குத்தான் வாப்பா, விரலை வைங்க. உன் லீவு முடிய மூன்று நாள் இருந்தது, கருவி வைப்பதென்றால் நீ நிற்க வேண்டி வந்திருக்கும். என்ன என்று கேட்காமல் வைத்தது நாங்கள்தான், அதையும் ஒளிக்கவில்லை.

நேற்று உம்மாவின் கட்டிலில் இருந்துகொண்டு முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவவுக்குக் கேட்பதெல்லாம் விளங்கும் என்று றைஸா சொல்லியிருக்கிறாள். தடுமாறாமல் வந்ததால் ஆசையில் இன்னொரு தரமும் வாசித்தேன். உம்மாவிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல், உன் பெயர். விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பா. நேற்றிலிருந்து அதைச் சொல்லவில்லை.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன்னைப் போலவே படித்த பிள்ளைகளையும் தரட்டும். வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. போன் எடுக்க வேண்டாம், கடிதமாகவே எழுது, உம்மாவுக்கும் வாசித்துக் காட்டலாம். அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து மற்றக் கடிதத்தைத் தொடங்குவேன், கை இப்போதுதான் பழகி வருகிறது.

உன் வாப்பா,
உசனார்