மறுகரையை யார் வாங்குகிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். அங்கே நீங்களும் உங்களைக் கட்டிக்கொண்ட தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் பேப்பரில் எழுதுகிறாள் என்று சிரிக்காதீர்கள். நம் வீடு உங்களுக்குத் தெரியாததா? முன்னறையில் கம்ப்யூட்டர்கள், பின்னறையில் நாங்கள், நடுவில் ஒரு திரைச்சீலை. நான் உங்களோடு பேச ஆரம்பித்தால் உங்கள் அண்ணனின் காது தானாக இந்தப் பக்கம் நீளும். மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் போனில்தான் அவர் கேமைப் போட்டுச் சோதித்துக்கொண்டிருக்கிறார். அதனால் மதியம் ஆள் வராத நேரத்தில், நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை மேஜையில், லென்ஸ் துடைக்கும் துணிகளைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அந்தப் பெரிய கம்பெனி நாம் செய்த 'மறுகரை' கேமை வாங்கப்போகிறது என்று இங்கே ஒரே பேச்சு. யார் கிளப்பியது என்று தெரியவில்லை. அந்தக் கம்பெனித் தலைவர் ஏதோ பேட்டியில் சின்ன ஆட்கள் செய்த ஒரு படகு கேமைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாராம். போதாதா? நம் ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் பாதிப் பேர் வாழ்த்துகிறார்கள், மீதிப் பேர் திட்டுகிறார்கள். நேற்று மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஓர் அம்மா, நான் "இதைப் போட்டுப் பாருங்க" என்றதும் நிமிர்ந்து பார்த்து, "நீங்கதானே அந்தப் படகுக்காரி? குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு" என்றார். கேமில் படகோட்டுகிறவளுக்கு நான் கொடுத்த குரலை அடையாளம் கண்டுகொண்டாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே, "வித்துட்டா அந்த ஆத்தை மாத்திடுவாங்களே, வித்துடாதீங்கம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ நான் விலை பேசிக்கொண்டிருப்பதுபோல.

உங்கள் அப்பா இதில் தனி ரகம். பூங்காவில், முடிவெட்டும் கடையில், லிஃப்டில் பார்ப்பவரிடம் எல்லாம் "என் பசங்க ரெண்டு பேரையும் வாங்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். முடிவெட்டுகிறவர், "நல்லதுதான் சார், சரியில்லைன்னா திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று கேட்டாராம். அப்பா அதற்குக் கோபித்துக்கொண்டு பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டார். இப்போது தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறார்.

கேமுக்குச் சத்தங்கள் பதிவு செய்யும் நம் சத்தக்காரிதான் பாவம். தண்ணீரில் துடுப்பு விழும் சத்தத்துக்காக ஒரு வாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், திடீரென்று என்னிடம், "அக்கா, அவங்க வாங்கினா என்னையும் சேர்த்து வாங்குவாங்களா, இல்ல நான் வேற வேலை பார்த்துக்கணுமா?" என்றாள். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அண்ணனைப் பற்றித்தான் எழுத வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். மனுஷன் ஒரு இடத்தில் உட்காருவதில்லை. முதலில் இந்தப் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இப்போது போனைக் குளியலறைக்குக்கூடக் கொண்டுபோகிறார். மணி அடித்தால் ஓடுகிறார். யாரென்று பார்த்ததும் முகம் விழுந்துவிடுகிறது. அவர் காத்திருக்கிறார், தம்பி. அந்தக் கம்பெனி கூப்பிடும் என்று காத்திருக்கிறார். நல்ல சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான்" என்கிறார்.

இன்னொன்று. அந்தக் கம்பெனி தன் சாப்பாட்டுக் கூடத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறது. ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அது நீங்கள்தான் என்று ஒருவர் வட்டம் போட்டுக் காட்ட, இல்லவே இல்லை என்று இன்னொருவர் சண்டை. உங்கள் அண்ணன் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அவன் இல்ல" என்றார். கேட்காமலே சொன்னார். ஆனால் நான் பையைக் கவனித்தேன். அந்த ஆளின் தோள்பையில் வார் அறுந்த இடத்தைப் பச்சை நூலால் தைத்திருக்கிறது. கறுப்பு நூல் தீர்ந்துபோய்ப் பச்சையில் தைத்துக் கொடுத்தவள் நான்.

உங்களை எதுவும் கேட்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு வரி எழுதுங்கள். கடை விலாசத்துக்கே எழுதுங்கள். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. ஒளிக்காமல் எழுதியதற்கு நன்றி. படித்துவிட்டுக் கடைக்கு வந்தவருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குப் பதில் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்துவிட்டேன். அவர் வாசல்படியில் தடுக்கி விழப்பார்த்தார். முதலாளி என்னை முறைத்தார்.

ஆக, அவர்களுக்கு நம் கேம் வேண்டாம். உங்கள் அண்ணன் எழுதும் பயணிகள் வேண்டாம். என் குரலும் வாளிச் சத்தமும் வேண்டாம். தண்ணீரைச் செய்தவர் மட்டும் வேண்டும். அவர்கள் செய்யும் எல்லா கேமிலும் ஓடும் தண்ணீரை இனி நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதானே?

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். முதல் நாள் கோபம்தான். இரண்டாம் நாள் உங்கள் தண்ணீரை நினைத்துப் பார்த்தேன். காற்று அடித்தால் ஒரு மாதிரி, மழை விழுந்தால் ஒரு மாதிரி, பயணி அழுதால் ஒரு மாதிரி. ஜன்னல் ஓரமாக நின்று தொட்டித் தண்ணீரைக் கையால் கலக்கிக் கலக்கிப் பார்ப்பீர்களே, உங்கள் அப்பா "இவனுக்குத் தொட்டியில என்ன தொலைஞ்சுபோச்சு?" என்று கத்துவாரே. அப்படிப்பட்ட ஆளுக்கு இப்படியொரு அழைப்பு வந்தால் மனசு ஆடாதா? எனக்கு வந்திருந்தால் நானும் ஆடியிருப்பேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மட்டும் நான் நம்பவில்லை, தம்பி. முடிவு செய்யாதவர் அத்தனை பக்கம் எழுதமாட்டார்.

ஆனால், "அண்ணி, நீங்களே பக்குவமா அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்று கேட்டிருக்கிறீர்களே, அது மட்டும் என்னால் முடியாது. நான் தைரியம் இல்லாதவள் என்று நினைத்தாலும் சரி. என் வாயிலிருந்து கேட்டால் அவருக்கு அது இரண்டு அடி. தம்பி போகிறான் என்பது ஒன்று. தம்பி தன்னிடம் சொல்லவில்லை என்பது இன்னொன்று. முதல் அடியை அவர் தாங்குவார்.

சீக்கிரம் சொல்லிவிடுங்கள். ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், இங்கே ஒரு கூத்து நடக்கிறது. உங்கள் அண்ணன் கேமை வெட்டிக்கொண்டிருக்கிறார். கரையிலிருந்து கரைக்கு அத்தனை நேரம் துடுப்புப் போடுவோமே, அந்த நீளத்தைக் குறைக்கிறார். பேசிக்கொண்டே வரும் பயணிகளை இரண்டே வாக்கியத்தில் இறக்கிவிடுகிறார். வாயே திறக்காமல் கடைசிவரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வரும் பயணி ஒருவர் உண்டே, உங்களுக்குப் பிடித்தவர், அவரை அடியோடு எடுத்துவிட்டார். சத்தக்காரி அதைப் பார்த்துவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "பெரிய கம்பெனிக்குப் பிடிக்கிற மாதிரி வேகமா ஆக்குறாரு அக்கா" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வராத மாப்பிள்ளைக்காகப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல் இருக்கிறது. ஒரே வார்த்தையில் என்னால் நிறுத்த முடியும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை, உங்களுடையது.

காலையில் வழக்கமாக வீடியோவில் பேசும்போது நீங்கள் கேமராவை அணைத்து வைத்திருக்கிறீர்கள். "அங்க நெட் சரியில்ல போல" என்று அவர் எங்களிடம் சமாதானம் சொல்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு முடி வளர்ந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டார். தங்கச்சியின் புது வேலை எப்படி இருக்கிறது? உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. இல்லை, முன்பே தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை மாலை இணைய நேரலையில் கேமை ஆடிக்காட்டி ரசிகர்களோடு பேசுவாரே, அதில்தான் நடந்தது. நான் பக்கத்தில் என் வரிகளைப் படிக்க உட்கார்ந்திருந்தேன். திரையின் ஓரத்தில் கேள்விகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவர் எழுதினார், உங்கள் தம்பி அந்தக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாராமே என்று. அடுத்தவர், கூடப் பிறந்தவனே காலை வாரிவிட்டானா என்று. பிறகு வந்ததையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. உங்களை அவ்வளவு கேவலமாகப் பேசினார்கள். முகம் தெரியாதவர்களுக்கு எங்கிருந்துதான் அத்தனை வேகம் வருகிறதோ. பின்னால் உங்கள் அப்பா வேறு நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் அண்ணன் துடுப்பை நிறுத்தவில்லை. படகு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார். "ஆமா, போறான். என்கிட்ட கேட்டான். போடான்னு நான்தான் சொன்னேன். அவனைத் திட்டணும்னா முதல்ல என்னைத் திட்டுங்க." அவ்வளவுதான். திட்டியவர்கள் அடங்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு பேர் மன்னிப்புக்கூடக் கேட்டார்கள்.

எல்லாம் முடிந்து கம்ப்யூட்டரை அணைத்ததும் அப்பா, "எப்படா கேட்டான்? என்கிட்ட ஏன் சொல்லல?" என்று பிடித்துக்கொண்டார். உங்கள் அண்ணன், "போன்ல கேட்டான்ப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் பின்னாலேயே போனேன். எப்போது தெரிந்தது என்றேன். "அந்தப் பை" என்றார். நீ தைத்தது என்று எனக்குத் தெரியாதா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

அப்படியென்றால் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தது? அது கம்பெனியின் அழைப்புக்காக இல்லை, தம்பி. அந்தச் சட்டையும் கம்பெனிக்காக இல்லை. நீங்கள் சொல்வதற்காக எந்த வண்டியிலாவது வந்து இறங்குவீர்கள், நிலையத்துக்கு வந்து கூட்டிப்போகச் சொல்வீர்கள் என்று மாட்டி வைத்திருக்கிறார்.

பிறகு எதற்குக் கேமை வெட்டினீர்கள் என்று சண்டைக்கே போய்விட்டேன். "அவன் செஞ்ச தண்ணியை என்னால பார்த்துக்க முடியாது. ஏதாவது கெட்டுப்போனா எனக்குச் சரிபண்ணத் தெரியாது. அவன் இல்லாம அவ்வளவு தூரம் எப்படிப் போறது? அதான் கரையைக் கிட்ட கொண்டுவந்தேன்" என்றார். சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவினார். சுத்தமான டம்ளர். திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

நான் அவரைப் பற்றி உங்களுக்கு என்னவெல்லாம் எழுதினேன்! அந்த இரண்டாவது கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிடுங்கள்.

சத்தக்காரி அவளுக்குத் தெரிந்த ஒரு பெண்ணை நேற்றுக் கூட்டிவந்தாள். கெட்டிக்காரிதான். ஆனால் உங்கள் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, "இதை எழுதினவர் மனுஷனா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் முயற்சி செய்கிறேன் என்கிறாள். உங்களிடம் கேட்டு வைக்கிறேன், முடிந்தால் கற்றுக்கொடுங்கள். முடியாவிட்டால் சின்ன ஆறாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதிலும் படகு ஓடும்.

நீங்கள் போக வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. நன்றாகப் போங்கள். எந்த நாட்டுக் குழந்தை எந்தக் கேமைத் திறந்தாலும் அதில் உங்கள் தண்ணீர் ஓடட்டும். உங்கள் கையும் கண்ணும் சுகமாக இருக்கட்டும். தங்கச்சியும் நீங்களும் நிறைவாக வாழ வேண்டும். இதை மனசாரச் சொல்கிறேன்.

ஆனால் அத்தனை பேர் முன்னால் உங்கள் அண்ணன் ஒரு பொய் சொல்லிவிட்டார். நீங்கள் கேட்டதாகவும் தான் சரி என்றதாகவும். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவர் சொன்னதில் பாதியை அவர் செய்துவிட்டார். மீதிப் பாதி உங்களிடம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, "அண்ணா, போகட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள், தம்பி.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அண்ணி