பங்களாவில் ஆள் உண்டு

பிப்ரவரி 22, 2006
குன்றில் புல்லெல்லாம் காய்ந்துவிட்டது. இவர் இருந்திருந்தால், தீப்பிடிக்கும் முன் வெட்டிவிட ஆள் தேடி அலைந்துகொண்டிருப்பார். என் வீட்டுக்காரர், வனவர் அமீருதீன், மவுத்தாகி ஒரு மாதம். நான் இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முன்னால் வரக் கூடாது.

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஆண் குரல். நான் போகவில்லை.

பிப்ரவரி 23
தாம்பரத்திலிருந்து தம்பி சாஹில் அரிசி கொண்டுவந்தான். கதவில் ஒட்டியிருந்த வனத்துறை நோட்டீஸைப் படித்தான். "ஆள் குடியில்லாத கட்டடம். இடிக்கத் தகுந்தது."

ஆள் இல்லையாமே! அப்போ நான் யாரு, பேயா? வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தக் காட்டின் வனவர்கள் எல்லாரும் குடியிருந்த பங்களா இது. இடித்துவிட்டு, பெரிய மனுஷங்க தங்க கெஸ்ட் ஹவுஸ் கட்டுவார்களாம்.

"நம்ம வூட்டுக்கு வந்துடுக்கா. உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றான் சாஹில்.

"இத்தா முடியாம வெளியே வரக் கூடாதுன்னு அன்னிக்குச் சொன்னது யாருடா?"

அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனான்.

மார்ச் 9
என்ஜினீயர் மோகன்ராஜ் கடப்பாரை ஆட்களோடு வந்தார். திரைக்குப் பின்னால் நின்று கத்தினேன். "இத்தால இருக்கேன் சார். ஆம்பளை ஒருத்தர் உள்ளே கால் வைக்கக் கூடாது!"

வெளியே கசமுசா என்று பேச்சு. "சரிம்மா, ஒரு லேடியை அனுப்பி செக் பண்றோம்" என்றார்.

மார்ச் 10
வரட்டும். யாரை வேணாலும் அனுப்பட்டும்.

மார்ச் 17
அனுப்பியது யாரை? இவர் இடத்துக்கு வந்திருக்கும் புது வனவரையே! அமலராணி என்று பேர். இருபத்தைந்து வயது இருக்கும், காக்கி உடுப்பு. சுவரைத் தட்டினாள், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, சமையல்கட்டு ஓடு மட்டும்தான் போச்சு. மத்ததெல்லாம் கிண்ணுன்னு இருக்கு."

தாம்பரத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாளாம். ரோந்து முடிந்து நேரம் கழித்துப் போனால் கேட்டைத் திறக்க மாட்டார்களாம். "இது வனவர் குவார்ட்டர்ஸ்தானே? உனக்குன்னு கேளேன்" என்றேன்.

"கேட்டா நீங்க காலி பண்ணணும்க்கா."

தெரியாதா எனக்கு? இரண்டு தடவை டீ போட்டேன். பிறகு சொன்னேன், "எழுதிக் குடு. வனவரே குடியிருக்கேன்னு கேட்டா எந்த மொகத்தோட இடிப்பாங்க?"

ஏப்ரல் 21
ஆர்டர் வந்துவிட்டது. பங்களா அமலராணிக்கு. ஓடு மாற்றவும் அனுமதி. இத்தா முடியும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும் என்று அவளே பிடிவாதம் பிடித்திருக்கிறாள்.

மே 28
இத்தா முடிந்தது. வாசலைத் தாண்டினேன். அமலராணியின் கட்டில் உள்ளே போனது, என் பெட்டி வெளியே வந்தது.

சாஹில் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

"ஜெயிச்சிட்டியேக்கா, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"ஜெயிச்சவ அழக் கூடாதுன்னு எங்கடா எழுதியிருக்கு?"