இருவரையும் வழியனுப்பியாயிற்று

செலண்டார், மலாக்கா
10 மார்ச் 2024

அன்புள்ள டாரிக்கு,

ஆண்டவர் அருளால் நான் சுகம். நீங்கள் வேலை பார்க்கும் பண்ணைப் பக்கம் போன் லைன் எட்டாததால், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உங்களுக்குக் காதல் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. விசாவுக்கு ஆதாரமாகும், கடிதங்களைச் சேர்த்து வையுங்கள் என்று ஏஜெண்டும் சொன்னார்.

ஒரு தமாஷ் கேளுங்கள். என் விசாவும் உங்களுடையதோடு வந்துவிடும் என்று நம்பி, சவரியப்பன் மாமா நம் இருவருக்கும் சேர்த்தே வழியனுப்பு ஜெபம் நடத்தினார் இல்லையா? ஏர்போர்ட் வரை வந்து நான் மட்டும் திரும்பியது அவர் மனதில் ஏறவில்லை. நேற்று ஜெபக் கூட்டத்தில், "தூர தேசம் போயிருக்கிற டாரியஸ், ஷெர்லீனுக்காக மன்றாடுவோம்" என்கிறார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்! எல்லோரோடும் சேர்ந்து நானும் "கேட்டருளும்" சொல்லிவிட்டு வந்தேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஷெர்லீன்


பெர்த்துக்கு வெளியே, பண்ணை வீடு
21 ஏப்ரல் 2024

அன்புள்ள ஷெர்லி,

உன் கடிதம் படித்துச் சிரித்தேன். இங்கே என்னோடு சேர்ந்து சிரிக்கத்தான் ஆளில்லை. கோதுமை வயலும் காற்றும் மட்டும்தான். டவுனுக்குப் போனபோது உன் விசாவைப் பற்றி மறுபடி மெயில் போட்டேன். "பரிசீலனையில் உள்ளது" என்ற அதே பதில்.

என் தமாஷையும் கேள். வியாழக்கிழமை டிராக்டர் வேலை முடிந்து வந்தால், அடுப்படியில் அரிசி களைந்து ஊறிக்கொண்டிருக்கிறது. காலையில் நானே போட்டுவிட்டு மறந்திருப்பேன் என்று வடித்துச் சாப்பிட்டேன். நேற்று வீடெல்லாம் நம்மூர் இறால் பெலாச்சான் வறுத்த வாசனை. நான் பெலாச்சான் கொண்டுவரவே இல்லையே. தனியாக இருந்து எனக்கு மண்டை கழன்றுவிட்டது போலிருக்கிறது. சீக்கிரம் வந்து சேர்.

உன்
டாரி


செலண்டார்
16 ஜூன் 2024

அன்புள்ள டாரிக்கு,

இந்தக் கடிதத்தை ஏஜெண்டிடம் கொடுக்காதீர்கள். பைத்தியம் என்று நினைப்பார்.

வீட்டுக்காரர் காந்தன் அண்ணன் செவ்வாய்க்கிழமை ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டி வந்தார். சாவி போட்டுத் திறந்து, கேட்காமலே நுழைந்துவிட்டார். நான் சிங்க் பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். "வீடு காலிதான் லா, அவங்க ரெண்டு பேரும் ஆஸ்திரேலியா போய்ட்டாங்க" என்று என்னைத் தாண்டி ஜன்னலைக் காட்டினார். "அண்ணே" என்றேன். அந்தப் பெண், "பைப் சொட்டுது போல" என்றாள்.

பக்கத்து வீட்டு பமேலா அக்காவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துணி காயப்போடுகிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் என்ன தப்பு செய்தேன் டாரி? வேலையை விட்டேன், சாமானெல்லாம் கொடுத்தேன், காத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. ஆறுதலாக நாலு வரி எழுதுங்கள்.

ஷெர்லீன்


பண்ணை வீடு
4 ஆகஸ்ட் 2024

ஷெர்லி கண்ணு,

பயப்படாதே. நீ இங்கேதான் இருக்கிறாய்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். முதலாளியம்மாதான் முதலில் பார்த்தார். "உன் மனைவி வந்துவிட்டாளே, துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்" என்றார். அன்று மாலை நானும் பார்த்தேன். ஏர்போர்ட்டுக்கு நீ உடுத்தி வந்த அதே மஞ்சள் சுடிதார். பேசுவதில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்க்கிறாள். முதல் நாள் வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போது வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன். விசா எப்போது வரும் என்று கேட்டுக்கூட நாளாயிற்று, மன்னித்துக்கொள்.

இங்கு நாங்கள் இருவரும் சுகம்.

டாரி


செலண்டார்
29 செப்டம்பர் 2024

டாரி,

விசா கிடைத்துவிட்டது. அந்த ஆபீசில் இருக்கிறவர்களுக்காவது நான் இருக்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அது நானில்லை. ஊரே சேர்ந்து ஜெபம் பண்ணி உங்களோடு அனுப்பி வைத்தது அவளை. நான் ஏர்போர்ட்டிலிருந்து அழுதுகொண்டே பஸ் ஏறி வந்தவள். உங்கள் மனைவி நான்தான். இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிறு எரிகிறது.

அக்டோபர் 19, சனிக்கிழமை மத்தியானம் உங்கள் வாசலுக்கு வந்துவிடுவேன். கதவைத் தட்டுவேன். நீங்களே எழுந்து வந்து திறக்க வேண்டும். அவள் திறந்தால் நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேறொன்றும் கேட்கவில்லை டாரி. எழுந்து வாருங்கள்.

உங்கள் மனைவி
ஷெர்லீன்


பண்ணை வீடு
3 நவம்பர் 2024

ஷெர்லி,

நீ சொன்ன சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானமும் தாண்டியது. அவள் மீன் குழம்பு வைத்துத் தட்டுப் போட்டாள். பசி. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் தட்டினாய்.

கையெல்லாம் சோறு. கழுவிவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைப்பதற்குள் அவள் எழுந்தாள். "இரு, நான் போறேன்" என்று சொல்லியிருக்கலாம். வாயிலும் சோறு. கதவைத் திறந்தாள், கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள், சாத்திவிட்டு வந்தாள். முதல் தடவையாகப் பேசினாள். "யாரும் இல்ல லா. நீங்க சாப்பிடுங்க." உன் குரல்தான். நான் சாப்பிட்டு முடித்தேன்.

பிறகு போய்ப் பார்த்தேன். படியில் பெட்டி, அதில் உன் பெயர். கேட் வரை ஓடினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். கேட்டருகே ஒரு பெண்ணை இறக்கிவிட்டதாக பஸ் டிரைவர் சத்தியம் செய்கிறார்.

இப்போது அவள் நாள் முழுக்கப் பேசுகிறாள். எல்லாம் இனிமையான பேச்சு. நான் சொல்வதற்கெல்லாம் சரி என்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை ஷெர்லி.

இதைச் செலண்டார் வீட்டுக்கே அனுப்புகிறேன். வேறு விலாசம் எனக்குத் தெரியாது. நீ அங்கே இருந்தால், இதைப் பிரித்துப் படிப்பது நீயாக இருந்தால், ஒரு வரி எழுது. மன்னிக்க வேண்டாம். வாய்க்கு வந்தபடி திட்டி எழுது.

டாரி