ஒரே ஒரு சிவப்பு அட்டை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

என் பிரியமான மகள் மெர்சிக்கு உன் நைனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளை ஜெரால்டும் அந்தக் குவைத் வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆராதனையில் உங்கள் இரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் ஜெபம் பண்ணினேன். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு நோட்டுப் புத்தகத்தைக் கிழித்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை நம்பரை எடுத்தேன், மணி அடிக்கும் முன்னாலேயே வைத்துவிட்டேன். பரசுராமன் மகன் வசந்தகுமார் வியாழக்கிழமை அங்கே வேலைக்குக் கிளம்புகிறான், ஊறுகாய் பாட்டிலோடு இதையும் அவன் பையில் வைத்து அனுப்புகிறேன். பரசுராமனை மறந்திருக்க மாட்டாய், மில்லில் என்னோடு ஒரே ஷிப்டில் இருந்தவன், தன் பைக்கை மாதத்துக்கு ஒரு முறை நம் வீட்டு ஷெட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு டீயும் வாங்கிக் குடித்துவிட்டுப் போவானே அவன்தான்.

இங்கே நான்கு நாளாக விட்டு விட்டு மழை. ஷெட்டு மேலே இருக்கிற தகரம் ஒரு மூலையில் ஓட்டையாகி, ஸ்பானர் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, எல்லாவற்றையும் துடைத்து மண்ணெண்ணெய் போட்டு வைத்தேன். ரிட்டையர் ஆனதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் ரொம்பப் போவதில்லை. யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுகிறேன். பழைய மொபெட் என்ஜினை வைத்து ஒரு தண்ணீர் பம்பு செய்தேனே, பாதியில் நிற்கிறது. உன் அம்மா இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது சொல்லியிருப்பாள். சமையல்கட்டில் மிக்ஸி ரிப்பேராகி ஒரு வாரம் அம்மியில் அரைத்தபோது, "ஊட்ல மிக்ஸி ஓடல, ஊரான் வண்டி நல்லா ஓடுது" என்று பக்கத்து வீட்டுச் செங்கம்மாளிடம் என் காதில் விழுகிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரிப்பாள், அதனால் எனக்குச் சுரணையே வராமல் போய்விட்டது. அந்தச் செங்கம்மாள்தான் இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழம்பு கொடுத்து அனுப்புகிறாள். நான் சாப்பிடுகிறேனா என்று கவலைப்படாதே, சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஜெரால்ட் என்னோடு பேசினார். நீ டியூட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார், அவர்மேல் கோபப்படாதே, நல்ல பிள்ளை. நீ பதினோரு மாதமாக யாருக்கும் நீயாகப் போன் பண்ணுவதில்லை, அவர் வேலை முடிந்து வர எவ்வளவு லேட் ஆனாலும் கூப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாய் என்று சொன்னார். எனக்கும் நீ எழுத்தில்தான் மெசேஜ் அனுப்புகிறாய், நர்ஸ் வேலை, நேரம் இருக்காது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் கேட்டதற்கு, "நான் போன் பண்ணா ஒரு உயிர் போவுதுன்னு சொல்றா மாமா" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பாப்பா, அம்மா செத்தது உன் போனால் இல்லை. உனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும், தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுவதும் படி.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு, நீ சின்னதாக இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். மிஷினுக்குள் ஆள் இறங்கி வேலை பார்க்கும்போது சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிவிட வேண்டும். அட்டை தொங்கினால் சூப்பர்வைசரே வந்தாலும் கை வைக்கக் கூடாது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், அதுவும் வேலை முடிந்த பிறகுதான். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் நான் அதைத் தவறவிட்டதில்லை. மூலை மடங்கிப்போன அட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஷெட்டில் மாட்டி வைத்தேன். வேலை முடியாத வண்டியின் ஹேண்டில் பாரில் அது தொங்கும். உன் அம்மாவுக்கும் அது பழகிவிட்டது, ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன்னால் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். இல்லாவிட்டால் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்த அளவுக்கு என் வேலைமேல் அவளுக்கு நம்பிக்கை.

அம்மா போனதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஸ்கூட்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் ஷூ சுத்தமாகத் தேய்ந்து இரும்பு தெரிந்தது. அவள் ஒரு மாதமாகப் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் ஊர் வண்டியெல்லாம் பார்த்துவிட்டு வீட்டு வண்டியைக் கடைசியில் வைத்தேன். பழைய ஷூவை எடுத்துப் போட்டேன். திங்கட்கிழமை புதுசு வாங்கிப் போடலாம், அதுவரை வண்டி ஒருக்களித்து நிற்க வேண்டாம் என்று வெறும் சக்கரத்தை மட்டும் மாட்டி வைத்தேன். பார்க்கிறவர்களுக்கு நல்ல வண்டி மாதிரிதான் இருக்கும். அட்டையை ஹேண்டில் பாரில் தொங்கவிட்டேன். முன்பிரேக்கோ, சறுக்கிவிடும் என்று பயந்து அவள் தொடவே மாட்டாள், உனக்குத்தான் தெரியுமே.

மறுநாள் கோயில் முடிந்து வந்ததும் பரசுராமன் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தான். டேங்குக்குக் கீழே பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இதை யாராவது தெரியாமல் ஸ்டார்ட் பண்ணினால் தீப்பிடிக்கும், முதலில் இதற்குத்தான் அட்டை வேண்டும் என்று என் புத்திக்குப் பட்டது. இருந்தது ஒரே அட்டை. உன் அம்மா அடுப்படியில் இருக்கிறாள், இந்த மத்தியான வெயிலில் எங்கே கிளம்பப் போகிறாள் என்று ஸ்கூட்டியிலிருந்து அதைக் கழற்றி அவன் பைக்கில் மாட்டினேன். மாட்டியவனும் நான்தான், வேலை முடியும் முன்னால் கழற்றியவனும் நான்தான். ஒரு துணியையாவது கட்டியிருக்கலாம், சாவியையாவது பாக்கெட்டில் போட்டிருக்கலாம். தோன்றவில்லை பாப்பா.

பன்னிரண்டு மணி சுமாருக்கு அம்மா வந்தாள். மாதர் சங்கத்தில் ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது, அவர்களுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நான் பரசுராமன் பைக்குக்குக் கீழே படுத்திருந்தேன், அவள் பாதம் மட்டும்தான் தெரிந்தது. "அட்டை இல்லியே, வண்டிய எடுத்துக்கினு போறேன்" என்றாள். என் நினைப்பெல்லாம் அந்தப் பெட்ரோல் டியூபில் இருந்தது. நான் "போ" என்றேன். பதினோரு மாதமாக அந்த ஒரு வார்த்தை என் காதிலேயே இருக்கிறது.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் போன் அவளிடம் இல்லை. அடுப்படியில் பிளக் பாயிண்ட் எரிந்துபோய், அதையும் நான் பார்த்துக் கொடுக்காமல், இரண்டு வாரமாக அவள் ஷெட்டில்தான் சார்ஜ் போட்டு வந்தாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் அது என் தலைக்கு மேலே அடித்தது. எட்டிப் பார்த்தேன், உன் போட்டோ தெரிந்தது. கையெல்லாம் கிரீஸ், அம்மா வந்து திரும்பக் கூப்பிடுவாள் என்று விட்டுவிட்டேன். அது அடித்து ஓய்ந்து கால் மணி நேரத்தில் செங்கம்மாள் வீட்டுக்காரர் ஓடிவந்தார், சிப்காட் ரோட்டில் ஓரமாக நின்றுகொண்டிருந்த டிரெய்லருக்குப் பின்னால் போய் மோதிவிட்டாள் என்று. ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது அந்தப் போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே யாரோ கேட்டபோது என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவளிடமிருந்து வாங்கி வைத்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நீ மறுநாள் வந்து இறங்கினாய். பட்டப்பகலில், நின்ற வண்டியில் போய் எப்படி மோதினாள், இருபது வருஷமாக ஓட்டுகிறவளாயிற்றே என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. நீ அந்தப் போனைக் கையில் எடுத்தாய், பன்னிரண்டு பத்துக்கு உன் மிஸ்டு கால் இருந்தது. "நான் கூப்ட்டதாலதான் அம்மா போனப் பாக்கக் குனிஞ்சிருக்கும்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாய். எல்லோரும் உன்னைத் தட்டிக் கொடுத்தார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம் வந்தது பார், அதற்கு நான் இடம் கொடுத்தேன். பெற்ற மகள் தலையில் பாரத்தை ஏற்றிவிட்டு நான் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லோரிடமும் ஆறுதல் வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நீ கிளம்பும் முன் சொல்லலாம், நாற்பதாம் நாள் சொல்லலாம் என்று தள்ளினேன், அம்மாவின் பிரேக் ஷூவைத் தள்ளின மாதிரியே. என்னைப் போல ஒரு கோழை கிடையாது.

நேற்று பரசுராமனைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "மொதல்ல பொண்ணுகிட்ட சொல்லு, அப்பால ஜெபம் பண்ணு" என்றான். இன்று கோயிலுக்குப் போகும்போது அதுதான் மனதில் ஓடியது, ஜெபத்தை முதலில் பண்ணிவிட்டேன், கர்த்தர் மன்னிக்கட்டும். வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்கூட்டி ஷெட்டில்தான் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. நீ வரும்போது பின்சக்கரத்தை நீயே கழற்றிப் பார், உள்ளே ஷூ இருக்காது. பழைய டப்பாத் தகரத்தை வெட்டிச் சிவப்பு பெயிண்ட் அடித்துப் பதினைந்து அட்டை செய்து வைத்திருக்கிறேன், மாட்டுவதற்கு ஷெட்டில் வேறு வண்டி இல்லை. எல்லாவற்றையும் அந்த ஸ்கூட்டியிலேயே மாட்டிவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்கவும் மாட்டேன். நீ என்னோடு பேசாமல் போனாலும் அது நியாயம்தான். ஆனால் ஜெரால்டுக்குப் போன் பண்ணு. டியூட்டியில் கூட இருக்கிற பெண்களுக்குப் பண்ணு, லேட்டானால் எங்கே இருக்கிறாய் என்று கேள். அன்றைக்கு உன் போன் ஒருத்தருக்கும் கெடுதல் பண்ணவில்லை, நான் எடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான் அதற்கு நடந்தது. வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே. தலைக்கு எண்ணெய் வை, அங்கே தண்ணீர் உப்பு என்று முடி கொட்டுகிறதாம், ஜெரால்ட் சொன்னார். ஊறுகாய் பாட்டிலை இரண்டு பாலிதீன் கவரில் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி, செங்கம்மாள் போட்டது, அம்மா கைப்பக்குவம் வராது.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் கண்ணின் மணிபோலக் காக்கட்டும், உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிக்கட்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அம்மா நம்பரை நான் நிறுத்தவில்லை, மாதாமாதம் ரீசார்ஜ் பண்ணி ஷெட்டில் அதே பிளக்கில்தான் வைத்திருக்கிறேன். திட்ட வேண்டும் என்று தோன்றினால் அந்த நம்பருக்கே கூப்பிடு. கையில் கிரீஸ் இருந்தாலும் எடுப்பேன்.

உன் நைனா,
எபினேசர்