உப்பு எங்கடி?

இன்று மத்தியானம் என் மேசையில் உப்பு கொட்டியது. சமையல் உப்பு இல்லை. நாளைக் காலை எனக்கு ஆய்வேட்டு வைவா. பழைய படிவம் ஒன்றைக் கையோடு கொண்டுபோகலாம் என்று அலமாரியின் அடித்தட்டில் கிடந்த உன் கிளிப் பேடை இழுத்தேன். காகிதங்களுக்கு நடுவிலிருந்து பழுப்பேறிய கல்லுப்பு பொலபொலவென்று விழுந்தது. கூடவே பச்சைத்தோல் வாடை. மூன்று வருஷமாகியும் அது போகவில்லை. அறைத்தோழி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். எனக்கானால் சிரிப்பு தாங்கவில்லை. நீ இருந்திருந்தால், "இன்னாடி இப்டி ஓடுற, ஆம்பூர் சென்ட்டு இது!" என்று அவள் தோளிலும் ஒரு பருக்கையை வைத்திருப்பாய்.

உனக்கு எவ்வளவோ சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் அந்த உப்பு எப்படி அங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கலவை என்ற ஊர்ப் பக்கம் நெல்லும் கடலையும் தவிர வேறொன்றும் பார்க்காமல் வளர்ந்தவள் நான். நீ நாட்றம்பள்ளிக்காரி, ஒரு தோல் கம்பெனி ஆபீசில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே கைடு. தோல் தொழிற்சாலைகளின் நிர்வாக முறைகள் தண்ணீரை எந்த அளவுக்குக் காப்பாற்றுகின்றன என்பது என் ஆய்வு. உன் தலைப்பு வேறாக இருந்தாலும், "நீ தனியா போனா தோலுக்கும் செருப்புக்கும் வித்தியாசம் கேப்ப" என்று சொல்லிக் கூடவே வந்தாய்.

அந்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. மழை பெய்கிறதென்று கல்லூரியின் வெள்ளைக் காரை வாங்கிக்கொண்டு போனோம். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, கையில் கிளிப் பேடு. முந்தின நாளே போன் செய்து நேரமும் சொல்லியிருந்தோம். ஆம்பூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை வாசலில் கார் நின்றதும் அங்கிருந்த மேஸ்திரி பாய் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டார். கூரை போட்ட முற்றம் கண்ணாடிபோல இருந்தது. ஒரு தூசு இல்லை.

பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு அனுப்புவார்கள். ஊறப்போடும் முன் அந்த உப்பை உதறிவிட வேண்டும். உதறாமல் போட்டால் அத்தனையும் கழிவுநீரில் கரையும். தண்ணீரில் கரைந்த உப்பை மறுபடி பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊர்க் கிணறுகள் உப்புக் கரித்துப்போவது அப்படித்தான். இதெல்லாம் நீ காரிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். "உதறுகிறீர்களா?" என்று கேட்டேன். நான்கு தோலை எடுத்துவந்து உதறிக் காட்டினார்கள். ஒரு தோலுக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஓங்கி உதறினார்கள். நீ பேடைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு அக்காவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டாய். உன் தலை, முகம், பேடு எல்லாம் உப்பு.

என் செக்லிஸ்டில் கடைசிக் கேள்வி, 'உற்பத்திப் பகுதி சுத்தமாக உள்ளதா?' ஐந்துக்கு ஐந்து போட்டேன். நீ என்னை முற்றத்தின் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தாய்.

அப்படியே மாதக்கணக்கில் ஒவ்வொரு தொழிற்சாலையாகப் போனோம். எங்கும் கண்ணாடி முற்றம், எங்கும் நல்ல மதிப்பெண். நான் இரண்டு அத்தியாயம் எழுதிவிட்டேன். ஒருநாள் நூலகத்தில் என் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்த நீ சட்டென்று நிமிர்ந்து கேட்டாய்.

"உப்பு எங்கடி?"

"எந்த உப்பு?"

"அன்னிக்கு நாலு தோலு உதறினோம். ஒரு மொறம் உப்பு விழுந்துச்சு. உள்ள நூத்துக்கணக்குல தோலு அடுக்கி வெச்சிருந்தான். தினிக்கும் உதறுறான்னா, குன்று மாதிரி உப்பு கெடக்கணும். ஒரு படத்துலயும் இல்லையே. எங்கடி போச்சு?"

கேள்வி சரிதான் என்று எனக்கே தெரிந்தது. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயாவது ஓரமாகக் கொட்டியிருப்பார்கள் என்றேன். நீ விடவில்லை. "எழுதினதக் கிழிச்சுப் போடு. மறுபடி போலாம்" என்றாய். இவ்வளவு உழைப்பையும் கிழிக்கச் சொல்கிறாளே, அவளுக்கென்ன, அவள் ஆய்வா இது என்று எனக்கு ஆத்திரம். அதை வாய்விட்டும் சொன்னேன். நீ பேடை என் மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாய்.

அதற்குப் பிறகு உன் எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை நான் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் வந்ததையும் இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாம் முறை எடுத்தபோது பேசியது உன் அக்கா. நான்கு நாள் காய்ச்சல். நான் நாட்றம்பள்ளி வந்து சேர்ந்தபோது உன் வீட்டு வாசல் முழுக்க ஈரம். உள்ளேயும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். உன்னை எடுத்துப்போய்விட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த ஈரத்தில் நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த ஈரவாசலில் நிற்கும்போதே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தத் தொழிற்சாலை முற்றத்திலும் ஈரம் இருந்தது. மழை என்று நினைத்திருந்தேன். கூரை போட்ட இடத்தில் ஏது மழை?

அந்த மாதம் முடிந்ததும் பஸ் பிடித்து ஆம்பூர் போனேன். செருப்பு, பழைய சுடிதார், கழுத்தில் ஒன்றுமில்லை, போனும் பண்ணவில்லை. மேஸ்திரி பாய் என்னை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்சநேரம் ஆனது.

"இன்னா மேடம், இன்னிக்குக் காரு இல்லியா? அந்தச் சிரிக்கிற மேடம் எங்க?"

சொன்னேன். அவர் 'யா அல்லா!' என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போனார். முற்றத்து மூலையில் இடுப்பளவு உப்பு!

"தெனம் இது இங்கதான் இருக்குமா பாய்?"

"இருக்கும். ஆபீசருங்க வர்றாங்கன்னு போன் வந்தா மட்டும் ஹோஸ் போட்டு அடிச்சிருவோம். குவியலப் பாத்தா குப்பைன்னு எழுதிர்றாங்களே. நீங்களும் அன்னிக்கு அப்டித்தான வந்தீங்க? அரை அவருல எல்லாத்தயும் கால்வாயில தள்ளிட்டோம். பேஜாரான வேலை."

தண்ணீரில் சேரக்கூடாதென்று உதறிய உப்பை, தண்ணீரைக் காப்பாற்ற வந்த என் கண்ணில் படக்கூடாதென்று, தண்ணீரிலேயே கரைத்துவிட்டிருக்கிறார்கள்! அதற்கு நான் ஐந்துக்கு ஐந்து போட்டிருக்கிறேன்! அழுதேனா சிரித்தேனா தெரியாது. கை தன்னால் போனை எடுத்து உன் எண்ணைத் தேடியது.

எல்லாவற்றையும் கிழித்தேன். ஒவ்வொரு இடத்துக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போனேன். நம் செக்லிஸ்டில் இப்போது முதல் கேள்வி, 'உதறிய உப்பு எங்கே இருக்கிறது?' போன வாரம் பாய் போன் செய்தார். குவியலுக்கென்று கேட்டுக்குப் பக்கத்திலேயே தகரக்கூரை போட்டிருக்கிறார்களாம். "வர்றவங்க மொதல்ல அதத்தான் பாக்கணும்னு மொதலாளியே சொல்ட்டாரு மேடம். வந்து மார்க் போடுங்க!" எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் நம் கைடுக்குப் பயம். "உன் தப்பை நீயே ஏன் முதல் அத்தியாயமா வைக்கறே? தேர்வாளர் பிடிச்சுக்கிட்டா ஆய்வேட்டையே திருத்தி எழுதச் சொல்லிடுவாங்க" என்கிறார். சொல்லட்டும். அதை எடுத்துவிட்டால் நானும் ஹோஸ் போட்டு அடித்த மாதிரிதான். கடைசிவரை எடுக்கமாட்டேன் என்றுவிட்டேன்.

நாளைக்கு முதல் ஸ்லைடில் நீ எடுத்த அந்தப் படம். கண்ணாடிபோல முற்றம், நடுவில் பல்லெல்லாம் தெரிய நான். தேர்வாளர்கள் அதை நன்றாகப் பார்க்கட்டும். பிறகு அவர்களிடம் உன் கேள்வியைக் கேட்பேன். 'டி' மட்டும் அதில் இருக்காது. என்னை இப்போது யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.